பூட்டிய மண்டியில் பாலே

எங்கள் வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கீழே கருப்பட்டி மண்டி, மேலே வீடு. மாடிப்படி மண்டிக்குள்தான் இறங்கும். அதனால் மதியம் ஒரு மணிக்கு என் புருஷன் வெள்ளத்துரை மண்டியைப் பூட்டிக்கொண்டு கொத்தவால்சாவடிச் சந்தைக்குக் கிளம்பினால், சரக்கோடு சேர்ந்து நாங்களும் பூட்டப்படுவோம். நாங்கள் என்றால் நானும் என் மாமியார் சீனியம்மாளும். மகள் ரூத் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். நாலு மணிக்கு அவர் வந்து திறக்கும்வரை வீடு தீப்பிடித்தால்கூடச் சன்னல் வழியாகக் கத்தத்தான் முடியும்.

மாமனார் காலத்தில் ஒரு தடவை ஆறு சிப்பம் கருப்பட்டி களவு போனதாம். களவாண்டவன் யாரென்று தெரியவில்லை. தண்டனை மட்டும் முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டுப் பெண்களுக்கு. கேட்டால், "வெளிய போயி என்ன செய்யப்போறிய? என்ன வேணும்னாலும் நான் வாங்கியாறேன்லா" என்பார் என் புருஷன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். கேட்டதெல்லாம் வாங்கித் தருவார். கதவைத் திறந்து வைக்கச் சொல்லி மட்டும் கேட்கக்கூடாது.

1952 ஜூன் மாதத்தில் ஒரு நாள், மேல்தட்டிலிருந்த ஊறுகாய் ஜாடியை எடுக்க நுனிக்காலில் எம்பினேன். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி பெரிதில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கால் ரங்கூனில் ஏழு வருஷம் பாலே ஆடிய கால். ஊறுகாய் ஜாடிக்குக்கூட எம்பத் துப்பில்லாமல் போய்விட்டதா?

ரங்கூனில் அப்பா அரிசி மில்லில் ஸ்டோர் கீப்பர். நான் படித்த கான்வென்டில் மேடம் வேரா என்ற ருஷ்யாக்காரி சனிக்கிழமைதோறும் பாலே நாட்டியம் சொல்லிக்கொடுத்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் கறுப்பாய் நான் ஒருத்தி. எட்டு வயசில் சேர்ந்தேன், பதினைந்து வயசில் முன்வரிசையில் நின்றேன். 1941 கிறிஸ்துமஸுக்கு நாங்கள் மேடையேற இருந்தோம். இரண்டு நாள் முன்னால் ஜப்பான்காரன் குண்டு போட்டான், அதோடு எல்லாம் போயிற்று. கப்பலேறி மதராஸுக்கு வந்தோம். இந்த வீட்டில் கல்யாணம் பேசியபோது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டான்ஸ் படிச்சதைப் பத்தி மட்டும் மூச்சு விடாதம்மா, நாடகக்காரின்னுடுவாவ" என்றார். ஒன்பது வருஷமாக நான் மூச்சு விடவில்லை.

தரையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே மனசுக்குள் ஒரு முடிவு செய்தேன். எவனுக்கும் காட்ட வேண்டாம், எந்த மேடையும் வேண்டாம். இந்தக் கால் எனக்குத் திரும்பி வந்தால் போதும்.

மாடியில் தெருவைப் பார்த்து ஒரு சின்ன அறை உண்டு. காலிச் சாக்குகளை அடுக்கி வைக்கும் இடம். மறுநாள் ஒரு மணிக்குப் பூட்டு விழுந்ததும், அத்தை கூடத்தில் பாயை விரித்துக் கண்ணயர்ந்ததும், நான் அங்கே போனேன். சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் சொருகினேன். சன்னல் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, குதிகால்களை ஒட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நின்றேன். முதுகை நிமிர்த்தி மெல்ல முழங்காலை மடக்கினேன். அவ்வளவுதான். எட்டே எட்டுத் தடவை. அதற்குள் தொடை வெடவெடவென்று நடுங்கிற்று. இடுப்பு, பிள்ளை பெற்ற இடுப்பு, நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. இன்னும் பத்துத் தடவை மடக்கிப் பார்ப்போம் என்று ஆசையாக இருந்தது. சீ, பேசாமலிரு என்று என்னையே அதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஆசைப்பட்டு ஒரே நாளில் ஆடினால் மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாது. பத்தரை வருஷம் சும்மா கிடந்த உடம்பு. அதை மிரட்டி வேலை வாங்க முடியாது, கெஞ்சித்தான் ஆகவேண்டும்.

முதல் வாரம் மடக்கல் மட்டும். இரண்டாம் வாரம் ஒரு காலைத் தரையோடு இழுத்து முன்னால் நீட்டி, பக்கத்தில் நீட்டி, பின்னால் நீட்டினேன். மூன்றாம் வாரம் கைகளைச் சேர்த்துக்கொண்டேன். குதிக்கவே இல்லை. பலகைத் தளம், கொஞ்சம் குதித்தாலும் கீழே மண்டியில் தூசி கொட்டும், அவருக்குத் தெரிந்துபோகும். சனிக்கிழமை ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு அவரோடு போய் அவரோடு வர வேண்டும். மற்ற ஐந்து நாளும் அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. பூட்டின வீட்டுக்குள் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

என்னை முதலில் பார்த்தவள் அங்கம்மா. காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிறவள். வீடு பூட்டியிருப்பதால் சன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் அவளிடம் மீன் வாங்குவோம். ஒரு நாள் கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, கொக்கு கணக்கா ஒத்தக் கால்ல நின்னுகினு கீற? காலு சுளுக்கிக்கிச்சா?"

"ஆமா, சுளுக்குதான். என்ன மீன் இருக்கு?"

"சுளுக்குன்னா அயுவாங்க, நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்றாள். கூடையை இறக்கினேன். அவள் சொன்ன பிறகுதான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு நாள், சன்னலை விட்டுவிட்டு அறை நடுவில் வந்து நின்றேன். வலது காலைப் பின்னால் தூக்கி, இடது கால் முன்பாதத்தில் எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோனேன். நின்றேன்! நாலு எண்ணும்வரை ஆடாமல் அசையாமல் நின்றேன். உடம்பெல்லாம் நடுங்குகிறது, வேர்வை கொட்டுகிறது, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். சந்தோஷம் தாங்கவில்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

திரும்பினேன். வாசற்படியில் அத்தை முழங்காலில் நிற்கிறாள். கைகள் இரண்டும் மேலே. "ஆவி எறங்கிட்டு! என் வீட்டுல பரிசுத்த ஆவி எறங்கிட்டு!"

அத்தை தெற்கே சாயர்புரத்துப் பக்கம் எழுப்புதல் ஜெபக் கூட்டங்களில் வளர்ந்தவள். ஜெபத்தில் ஆவியின் நிறைவு வந்த பெண்கள் கைகளை உயர்த்தி, நடுங்கி, அழுது ஆடுவதைச் சின்ன வயசிலேயே பார்த்தவள். அவள் கண்ணுக்கு நான் வேறு எப்படித் தெரிவேன்? அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். இது நாட்டியம் அத்தை, நான் ரங்கூனில் படித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைக்கே அவர் காதுக்குப் போகும், என் ஒரு மணி நேரம் போகும். பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

சாயங்காலம் அவர் படியேறி வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள்.

"ஏலே துரை, பரிசுத்த ஆவி எறங்குன வீட்டை வெளிய இருந்து பூட்டுவியா நீ?"

"என்னம்மா சொல்லுத?"

"ஒம் பொண்டாட்டிக்கு ஆவியோட அபிஷேகம் வந்திருக்குலே. ரெண்டு கண்ணால பாத்தேன். ஆவியானவரைக் கருப்பட்டியோட சேத்துப் பூட்டி வைப்பியோ?"

அவர் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரருக்குக் கள்ளன் பயம் உண்டு, அதைவிடக் கடவுள் பயம் அதிகம். மறுநாள் ஒரு மணிக்கு வெளிப்பூட்டு விழவில்லை. "உள்ளே தாப்பா போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

கதவு திறந்தது, என் நேரம் போனது. அத்தை தினமும் என்னோடு சாக்கு அறைக்கு வந்துவிட்டாள். சுவரோரமாகப் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் முழங்காலை மடக்கினால் "ஸ்தோத்திரம்" என்பாள், கையைத் தூக்கினால் "அல்லேலூயா" என்பாள். எரிச்சல் எரிச்சலாக வரும். காலை நீட்டும்போது பக்கத்தில் ஒருத்தி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக வேண்டும் என்று மகனிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். தண்டையார்பேட்டையில் ஒரு ஓலைக் கொட்டகைச் சபை. எங்களைப்போலத் தெற்கிலிருந்து வந்த பெண்கள் அங்கே கூடுவார்கள். அத்தை வருஷக்கணக்காகப் போகவேண்டும் என்று ஏங்கிய இடம்.

இரண்டு பேரும் வெள்ளைச் சேலை கட்டி ரிக்‌ஷாவில் போனோம். பாட்டு ஆரம்பித்தது. அத்தை என் முழங்கையில் இடித்தாள். எழுந்து நின்றேன். என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். கைகளை மெல்ல உயர்த்தி, முன்பாதத்தில் எழும்பி, மெல்ல இறங்கினேன். கொட்டகை முழுக்கப் பார்த்தது. "எவ்வளவு அமைதியான அபிஷேகம்!" என்று ஒருத்தி விசும்பினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. பத்தரை வருஷம் கழித்து என்னை நாலு பேர் பார்க்கிறார்கள். வெட்கம் பாதி, பூரிப்பு பாதி.

மூன்றாம் வெள்ளிக்கிழமை ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார வைத்தாள். ஐந்து வயசிருக்கும். காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. "அக்கா, தொட்டு ஜெபியுங்க. நீங்க தொட்டா நடந்துரும்" என்றாள்.

குனிந்து அந்தக் காலைத் தொட்டேன். கெண்டைச் சதையே இல்லை. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யார் இவளிடம் ஆசையைக் காட்ட? ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு பாட்டு எதுவும் காதில் விழவில்லை.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அடக்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "அத்தை, எனக்கு ஆவியும் வரலை, ஒண்ணும் வரலை. அது நாட்டியம். ரங்கூன்ல படிச்சேன். கல்யாணத்தப்போ மறைச்சுட்டோம். என்னை மன்னிச்சிருங்க."

அத்தை மடியிலிருந்த பைபிளை நேராக வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்ளா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா? எப்போலேர்ந்து?"

"ரெண்டாம் நாளே தெரிஞ்சிட்டு. ஆவி வந்தவ தப்பு வந்தா நாக்கைக் கடிச்சிக்கிட்டு முதல்ல இருந்தா ஆரம்பிப்பா? நீ ஆரம்பிச்சியே."

"பின்னே ஏன் அத்தை பேசாம இருந்தீங்க?"

"பதினெட்டு வயசுல இந்த வீட்டுக்குள்ள வந்தேன். ராத்திரியானா கடல் சத்தம் கேக்கும். அந்தா இருக்கு கடல், கூப்பிடு தூரம். முப்பத்தஞ்சு வருசமா நான் போய்ப் பாத்ததில்லளா. போன வெள்ளிக்கிழமதான் ரிக்‌ஷாக்காரனை அந்தப் பக்கமா விடச் சொல்லிப் பாத்தேன். நீயுந்தானே கூட இருந்த." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஆடுனாதான் எனக்குக் கதவு. நீ நிறுத்திட்டியன்னா திரும்பவும் பூட்டு."

"கடவுள் பேரைச் சொல்லிப் பொய் சொல்லுறோமே அத்தை."

"அதுக்கு நான் தனியா அவர்ட்டப் பேசிக்கிடுதேன்" என்றாள்.

எனக்குக் கோபமா இரக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் விளங்கிற்று. இதுவரை என்னைப் பூட்டியவர் ஒருவர்தான், இனி இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆளை வெறுக்கவும் முடியவில்லை. அத்தை தன் வெள்ளைச் சேலைக்கு அன்று புதுசாக நீலம் போட்டிருந்தாள். போகும்போதே என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

வினை அங்கம்மா ரூபத்தில் வந்தது. அவள் மேல் தப்பில்லை. செவ்வாய்க்கிழமை மண்டிக்குக் கருப்பட்டி வாங்க வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இன்னா நைனா, உன் சம்சாரம் சோக்கா ஆடுது! ரயில்வே இன்ஸ்டிடூட்ல கவுனு போட்ட சட்டக்காரப் பொண்ணுங்க ஆடும் பாரு, அத்த விட டாப்பு" என்று சொல்லியிருக்கிறாள்.

அவர் அன்று கொத்தவால்சாவடிக்குப் போகவில்லை. நேரே படியேறி வந்தார். கூடத்தில் அத்தையும் நானும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம்.

"செல்லக்கனி, ஒன் வாயால சொல்லு. அது ஆவியா, டான்ஸா?"

சத்தம் போடவில்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம். "டான்ஸுன்னா சொல்லிரு. தப்பா நினைக்கமாட்டேன். கதவை அடைச்சிட்டு, யாருக்கும் தெரியாம நம்ம வீட்டோட முடிச்சிக்கிடலாம். மண்டிக்காரன் பொண்டாட்டி ஆடுதாளாம்னு கல்மண்டபம் பூரா சிரிக்க வேண்டாம்லா."

அத்தை கையில் முறம் அப்படியே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. முறத்தில் கிடந்த ஒரு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து மூன்று வயசுப் பெண்மணி, தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஆவிதான்" என்றேன்.

"சரி. அப்போ இந்த வெள்ளிக்கிழம நானும் வாரேன். ஆவியா டான்ஸான்னு பாத்தாத் தெரிஞ்சிரும். டான்ஸுன்னா காலை அளந்து அளந்துல்லா வைப்பாவ. ஆவி வந்தவளுக்குக் கால் எங்க போகுதுன்னே தெரியாது."

புதனும் வியாழனும் எனக்கு அதே யோசனைதான். அவர் எதிரில் ஒழுங்காக ஆடினால் என்ன என்றுகூட நினைத்தேன். ஒரே ஒரு தடவை, கையும் காலும் முகமும் சரியாக, மேடம் வேரா எதிரில் நிற்பது போல ஆடிவிட்டு, ஆமாம் டான்ஸ்தான், என்ன இப்போ என்று கேட்டுவிட வேண்டும். ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மணிக்குப் பூட்டு விழும். அத்தையின் கடலும் அந்தப் பூட்டோடு போகும்.

வெள்ளிக்கிழமை அவர் ஆண்கள் பக்கம் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஆரம்பித்தது. அன்று அத்தை என்னை இடிக்கவில்லை. நானாகவே எழுந்தேன். கால்கள் வழக்கம்போலத் தாமாகவே வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, எழும்பத் தயாராக நின்றன. இரண்டு மாதம் கெஞ்சிக் கூத்தாடி நான் வரவழைத்த கால்கள் அவை.

பாதங்களை வேண்டுமென்றே உள்பக்கம் திருப்பினேன். முழங்காலைத் தொளதொளவென்று விட்டேன். முதுகைக் கூனினேன். கைகளை எங்கே போகிறது என்று பார்க்காமல் வீசினேன், தாளத்தை விட்டு விலகி விலகித் தடுமாறினேன். ஒவ்வொரு அசைவிலும் எது சரி என்று எனக்குத் தெரியும், அதற்கு நேர்மாறாகத் தேடித் தேடிச் செய்தேன். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. நல்ல வேளை, என் முகம் யாருக்கும் தெரியவில்லை. கொட்டகை முழுக்க "அல்லேலூயா" என்று முழங்கிற்று. தலைமுடிக்கு நடுவே பார்த்தேன். அவர் எழுந்து நின்று கண்ணை மூடிக் கைகளை உயர்த்தியிருந்தார். என் புருஷன் அழுவதை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

திரும்பும்போது எங்கள் ரிக்‌ஷாவை ஒட்டியே அவர் சைக்கிளில் வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நான் சந்தேகப்பட்டது தப்புதான் செல்லக்கனி, மனசுல வச்சுக்கிடாத. இனிமே எந்த வெள்ளிக்கிழம வேணும்னாலும் போயிட்டு வாங்க, ரெண்டு பேரும். பொறவு, அந்தச் சாக்கு ரூமுல புதுச் சரக்கை அடுக்கலாம்னு பாக்கேன். ஆவி வரதுக்குத் தினம் பழகணும்னு உண்டா என்ன? வெள்ளிக்கிழம போதும்லா?"

"போதும்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

அவர் சைக்கிளை மிதித்து முன்னால் போய்விட்டார். ரிக்‌ஷா கடற்கரைப் பக்கமாகத் திரும்பிற்று. அத்தை கடலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீ ஆடுனது நல்லாவே இல்லளா" என்றாள். "ரொம்ப அசிங்கமா இருந்துச்சி."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. ரிக்‌ஷாக்காரன் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தான். "ஒண்ணுமில்லப்பா, நீ ஓட்டு" என்றாள் அத்தை.